கோடையில் குளவிக்கு ஒரு வீடு: மாடியிலும் வரப்பிலும் பூ வளர்ப்போம்

குச்சிக்கிழங்கு நட்டிருக்கும் விவசாயிகளே, மாசி, பங்குனி மாதங்களில் உங்கள் வரப்பில் ஒரு பூவாவது இருக்கிறதா என்று நடந்து பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. சொட்டுநீர்க் குழாய் போட்ட பிறகு வரப்புக்கு ஈரம் எட்டுவதில்லை. காய்ந்து மிஞ்சிய புல்லை ஆடு மேய்ந்துவிடுகிறது. அதற்கும் தப்பியதைக் களைக்கொல்லி முடித்துவிடுகிறது.

மாவுப்பூச்சி வேகமாகப் பெருகுவதும் இதே கோடையில்தான். நல்ல மழை பெய்தால் குஞ்சுகள் கழுவிப் போகும். மழை இல்லாத மாசி முதல் வைகாசி வரை அதற்குத் தடையில்லை. கிழங்கு நட்டு இரண்டு மூன்று மாதம்கூட ஆகாத இளம் செடி, நுனி சுருண்டு நிற்பது அப்போதுதான். அந்த நேரத்தில் மாவுப்பூச்சியை அழிக்க வேண்டிய குளவிக்கு, வயலைச் சுற்றி ஒரு சொட்டுத் தேன்கூடக் கிடைப்பதில்லை.

குளவியை வயலில் விடுவது பாதி வேலைதான். அது கோடையைக் கடக்க இடமும் உணவும் தருவது மீதிப் பாதி. அந்த இடம் வரப்பாக இருக்கலாம். நம் பகுதியில் தோட்டத்துக்கு நடுவிலேயே குடியிருக்கிறோம் என்பதால், சாளையின் மாடியாகவும் இருக்கலாம். அதை எப்படி அமைப்பது என்று பார்ப்போம்.

இரண்டு மாவுப்பூச்சிகள், இரண்டு குளவிகள்

சேலம், நாமக்கல் விவசாயிகள் பதினைந்து ஆண்டுகளுக்குள் இரண்டு அயல்நாட்டு மாவுப்பூச்சிகளைப் பார்த்துவிட்டார்கள்.

முதலாவது பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் இதன் தாயகம். 2008-ல் கோவைப் பகுதியில் கண்டறியப்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று பல பயிர்களில் பரவியது. மருந்து மாற்றி மருந்து அடித்தும் அடங்கவில்லை. பெங்களூரில் உள்ள, இன்று தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் என்று அழைக்கப்படும் நிறுவனம், 2010-ல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்தது. அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவிதான் நம் ஊரில் நன்றாக நிலைத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் அதைப் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தன. சில மாதங்களில் தாக்குதல் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது.

இரண்டாவது மரவள்ளி மாவுப்பூச்சி. இது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. இந்தியாவில் 2020-ல் கேரளத்தின் திருச்சூரில் முதலில் கண்டறியப்பட்டது. அடுத்து நம் மாவட்டங்களுக்கும் வந்துவிட்டது. பப்பாளி மாவுப்பூச்சியை நசுக்கினால் மஞ்சளாக இருக்கும். இது இளஞ்சிவப்பாக இருக்கும். இதில் ஆண் பூச்சியே தேவையில்லை. ஒரு பெண் பூச்சி மட்டும் இருந்தாலே சில நூறு முட்டைகள் இட்டுக் குடும்பத்தைப் பெருக்கிவிடும். கணு இடைவெளி குறைந்து, நுனி இலைகள் கொத்தாகச் சுருண்டுவிடும். இலை கெட்டால் கிழங்குக்கு மாவு இறங்காது. ஆலையில் பாயின்ட் பார்த்து விலை போடும் பொருளுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, பல நாடுகளில் ஏழைகளின் அன்றாட உணவான மரவள்ளியைச் சூறையாடியது. அதற்கு எதிரான அனகைரஸ் லோபெஸி என்ற குளவி 1981-ல் பராகுவே நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டு, அதே ஆண்டில் நைஜீரியாவில் வெளியிடப்பட்டது. அந்த வேலையை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானிக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. தாய்லாந்து 2009-ல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து இதே குளவியை வாங்கிச் சென்று பயன்படுத்தியது. நம் நாட்டுக்கும் பெனினிலிருந்துதான் வந்தது. பெங்களூரில் சோதித்த பிறகு, 2022 மார்ச் மாதம் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வயல்வெளிக்கு விடப்பட்டது.

ஆக, குளவி வந்துவிட்டது. அது நம் வயலில் தங்குமா என்பது இனி நம் கையில்தான் இருக்கிறது.

குளவிக்கும் பசிக்கும்

இந்தக் குளவி கொட்டாது. இரண்டு மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது. பெண் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டை இடும். உள்ளே பொரிக்கும் புழு, மாவுப்பூச்சியைத் தின்று வளரும். செத்த மாவுப்பூச்சி உப்பி, பழுப்பு நிறமாக, காய்ந்த கூடுபோல ஆகிவிடும். இதை மம்மி என்கிறோம். நல்ல வெப்பத்தில் மூன்று வாரத்துக்குள் அதில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு புதிய குளவி வெளியே வரும்.

புழுவாக இருக்கும்வரை அதற்கு மாவுப்பூச்சி உணவு. வெளியே வந்த குளவிக்குச் சர்க்கரை வேண்டும். பூவின் தேன் கிடைத்தால் வாரக்கணக்கில் உயிரோடு இருந்து, மாவுப்பூச்சிகளைத் தேடித் தேடி முட்டை இடும். ஒன்றும் கிடைக்காவிட்டால் சில நாளில் செத்துவிடும். மாவுப்பூச்சி கழிக்கும் தேன்கழிவும் இனிப்புதான். ஆனால் அதற்கு எறும்பு காவல் இருக்கும். குளவியைக் கிட்டே விடாது.

பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி, பூ ஈ ஆகியவற்றுக்கும் இதே கதைதான். பூ ஈயின் புழு அசுவினியைத் தின்னும். வளர்ந்த ஈ தேனையும் மகரந்தத்தையும் நம்பி இருக்கிறது. பூ இல்லாத வயலில் இவை முட்டையிடத் தங்குவதில்லை.

மருந்து அடித்தால் என்ன ஆகிறது என்பதையும் கவனியுங்கள். மாவுப்பூச்சி மெழுகுப் போர்வைக்குள், சுருண்ட இலைக்குள் ஒளிந்திருக்கிறது. குளவி திறந்த வெளியில் பறந்துகொண்டிருக்கிறது. மருந்து முதலில் யாரைத் தாக்கும்? பாதி மாவுப்பூச்சி தப்பும். குளவி மொத்தமாகப் போய்விடும். அடுத்த பதினைந்து நாளில் முன்பைவிட அதிகமாக மாவுப்பூச்சி வருவதற்குக் காரணம் மருந்தின் தரம் அல்ல. காவல் போய்விட்டது என்பதுதான் காரணம்.

கூரையில் மிஞ்சிய புல்வெளி

வயலில் இடம் இல்லாமல் போனால் நன்மை செய்யும் பூச்சி எங்கே வாழும்? இந்தக் கேள்விக்கு, மண்ணை இழந்த நகரங்களில் ஒரு விடை கிடைத்திருக்கிறது. கட்டடத்தின் கூரை.

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில், வொல்லிஷோஃபன் என்ற பகுதியில் ஒரு குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. 1914-ல் கட்டியது. உள்ளே இருக்கும் தண்ணீர் சூடாகாமல் இருப்பதற்காகத் தட்டையான கூரைமேல் அந்த வட்டாரத்து மண்ணையே பரப்பினார்கள். அந்த மண்ணில் இருந்த விதைகள் முளைத்தன. சுற்றியிருந்த புல்வெளிகள் நூறு ஆண்டுகளில் உரத்தாலும் உழவாலும் கட்டடங்களாலும் மாறிவிட்டன. கூரையை யாரும் உழவில்லை, உரம் போடவில்லை. அதனால் 175 வகைச் செடிகள் அங்கே நிலைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்பது வகை ஆர்க்கிட் செடிகள். கீழே நிலத்தில் இல்லாமல் போனவை, மேலே கூரையில் மிஞ்சின.

அதே நாட்டின் பாசெல் நகரம் இன்னும் ஒரு படி மேலே போனது. புதிதாகக் கட்டும் தட்டைக் கூரைகளில் செடி வளர்க்க வேண்டும் என்று 2002-ல் கட்டடச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். ஸ்டீஃபன் பிரென்னைசன் என்ற ஆய்வாளர் அந்தக் கூரைகளில் வண்டுகளையும் சிலந்திகளையும் எண்ணிப் பார்த்தார். அழிந்துவரும் இனங்கள்கூடக் கூரையில் குடியேறியிருந்தன. ஆனால் எல்லாக் கூரையிலும் இல்லை.

அவர் கண்டதில் நமக்குப் பயன்படுவது இதுதான். ஒரே மாதிரியான மெல்லிய மண், ஒரே வகைச் செடி என்று பரப்பிய கூரையில் பூச்சி இனங்கள் குறைவு. ஒரு பக்கம் மண் ஆழமாக, ஒரு பக்கம் மெலிதாக, ஓரிடத்தில் மணலும் கல்லும், ஓரிடத்தில் காய்ந்த கட்டை, அந்த வட்டாரத்து மண் என்று கலந்து வைத்த கூரையில் இனங்கள் அதிகம். பூச்சிக்குப் பசுமை மட்டும் போதாது. உணவு, மறைவிடம், முட்டையிட வெறும் மண், கூடு கட்டப் பொந்து என்று நான்கும் பக்கத்திலேயே வேண்டும். மாடியிலும் சரி, வரப்பிலும் சரி, இந்த நான்கையும் மனதில் வைத்தால் போதும்.

நம் மாடியின் கணக்கு

வெளிநாட்டுக் கூரையை அப்படியே நம் ஊரில் செய்யக் கூடாது. முதல் காரணம் சுமை. இந்தியத் தர நிர்ணயத்தின்படி, ஆட்கள் ஏறி நடமாடும் தட்டை மாடி, ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ நடமாட்டச் சுமையைத் தாங்கும்படி வடிவமைக்கப்படுகிறது. ஒரு சதுர மீட்டரில் பத்து சென்டிமீட்டர் கனத்துக்கு மண் பரப்பித் தண்ணீர் ஊற்றினால், அதன் எடையே 160 முதல் 180 கிலோ வரை போகும். அதாவது பத்து சென்டிமீட்டர் கன மண்ணே அளவை மீறிவிடும். எனவே மாடி முழுக்க மண் கொட்டும் எண்ணமே வேண்டாம்.

இரண்டாவது காரணம், மாடி நமக்குக் களமும்கூட. நிலக்கடலை, மிளகாய், சோளம் எல்லாம் அங்கேதான் காய்கிறது. ஆகவே நடு மாடியை விட்டுவிடுங்கள். கைப்பிடிச் சுவரை ஒட்டி, கீழே சுவர் இருக்கும் இடத்துக்கு நேர்மேலே, ஒரு வரிசைப் பைகள் வைத்தால் போதும். சுமை சுவரில் இறங்கும். காயப்போடவும் இடம் இருக்கும்.

ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள வளர்ப்புப் பை ஏறத்தாழ இருபது லிட்டர் கொள்ளும். முழுக்க மண் நிரப்பினால் ஈரத்தோடு 35 கிலோ வரும். செம்மண் ஒரு பங்கு, மட்கிய தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்தால் எடை நன்றாகக் குறையும், ஈரமும் தங்கும். நாமக்கல் பக்கம் கோழி எரு எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பச்சையாகப் போடாதீர்கள். வேர் கருகும், ஈ மொய்க்கும். நன்றாக மட்கிய பிறகு கொஞ்சமாகச் சேர்க்கலாம்.

பைகளைச் செங்கல்மேல் தூக்கி வையுங்கள். அடியில் தண்ணீர் தேங்காமல் ஓடினால் தளம் ஊறாது. ஏற்கெனவே ஒழுகும் மாடி என்றால், முதலில் அதைச் சரிசெய்த பிறகுதான் பை வைக்க வேண்டும்.

ஓட்டு வீடு, ஆஸ்பெஸ்டாஸ் தகடு, கோழிப்பண்ணைத் தகடு ஆகியவற்றின்மேல் எதையும் ஏற்றக் கூடாது. அங்கெல்லாம் சுவரை ஒட்டித் தரையில் பந்தல் போட்டுக் கொடி ஏற்றிவிடுங்கள். பூச்சிக்கு மாடி என்றும் தரை என்றும் வேறுபாடு இல்லை. கோடையில் பூ இருந்தால் வரும்.

தண்ணீர்தானே சிக்கல் என்பீர்கள். கால் ஏக்கர் வரப்பை நனைக்கப் போவதில்லை. பத்துப் பதினைந்து பைகளுக்கு, சோப்பு கலக்காத அரிசி கழுவிய தண்ணீரும் காய்கறி கழுவிய தண்ணீரும் பெரும்பகுதிக்கு ஈடு கொடுக்கும். வீட்டு மாடியைக் கோடைப் பூவுக்குத் தேர்ந்தெடுப்பதற்கு இதுதான் காரணம். வரப்பு காய்ந்தாலும் வீட்டில் தண்ணீர் புழங்கிக்கொண்டுதான் இருக்கும்.

எந்தச் செடி வைக்கலாம்?

குளவியின் வாய் மிகச் சிறியது. நீளக் குழாய் போன்ற பூவுக்குள் அதனால் எட்ட முடியாது. தேன் வெளியே தெரியும் சின்னப் பூக்கள்தான் அதற்கு ஏற்றவை.

கொத்தமல்லியை இலைக்காகப் பறித்துவிடாமல் சில பைகளில் பூக்க விடுங்கள். சோம்பு, கடுகும் அப்படியே. கொத்தமல்லி கடும் வெயிலில் சீக்கிரம் பூத்து முடிந்துவிடும். அதனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைக்காமல், பதினைந்து நாளுக்கு ஒருமுறை இரண்டு பைகள் விதைத்தால் பூ தொடர்ந்து இருக்கும். துளசி ஆண்டு முழுக்கப் பூக்கும். தேனீயும் சிறு குளவியும் அதை விட்டுப் போகா.

பூ இல்லாமலே தேன் தரும் செடிகளும் இருக்கின்றன. தட்டைப்பயறில் காய்க்காம்பின் பக்கத்திலும், ஆமணக்கில் இலைக்காம்பிலும் தேன் சுரக்கும் சிறு முடிச்சுகள் உண்டு. எறும்பும் குளவியும் அங்கே நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தட்டைப்பயறில் வரும் அசுவினியைக் கண்டு பயப்பட வேண்டாம். அந்த அசுவினியைத் தின்னத்தான் பொறிவண்டு வரும். அங்கே பெருகி வயலுக்கு இறங்கும்.

மாடியின் ஒரு மூலையில் பீர்க்கை, பாகல் போன்ற ஏதாவது ஒரு கொடிக்குச் சின்னப் பந்தல் போடுங்கள். பங்குனி, சித்திரையில் சிமென்ட் தளம் சுடும் சூட்டில் எந்தப் பூச்சியும் தங்காது. பந்தல் நிழல்தான் அவற்றுக்கு மறைவிடம். வீட்டுக்குக் காய், கீழே அறைக்குக் குளிர்ச்சி என்பது கூடுதல் லாபம்.

ஒரு பையில் செடி எதுவும் வைக்காமல் மணல் கலந்த மண்ணை அப்படியே விடுங்கள். தனித்து வாழும் தேனீ வகைகள் பல, மண்ணைத் துளைத்துத்தான் கூடு கட்டும். ஒரு பக்கம் அடைபட்ட மூங்கில் துண்டுகளைக் கட்டி, வெயில் படாத இடத்தில் தொங்கவிட்டால் இலைவெட்டித் தேனீ வரும். ஓர் அகலத் தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வையுங்கள். கல்லின்மேல் உட்கார்ந்து பூச்சி குடிக்கும். டெங்கு கொசு முட்டையிடாமல் இருக்க, அந்தத் தண்ணீரை வாரம் இரண்டு முறை கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவுவது கட்டாயம்.

மாடிப் பூ தோட்டம் முழுவதையும் காக்கும் என்று நினைக்க வேண்டாம். இவ்வளவு சிறிய குளவி அன்றாடம் தேன் தேடிப் போகும் தூரம் குறைவு. வீட்டைச் சுற்றியுள்ள வயலுக்குத்தான் மாடியின் பயன் முழுமையாகக் கிடைக்கும். தள்ளி இருக்கும் வயலுக்கு, சொட்டுநீர்க் குழாயின் கடைசி முனையில் ஒரு சொட்டுவாயை வரப்புப் பக்கம் திருப்பி, அங்கே நான்கு முழம் நீளத்துக்குத் தட்டைப்பயறும் எள்ளும் துளசியும் வையுங்கள். ஒவ்வொரு மூலையிலும் இப்படி ஒன்று இருந்தால் நல்லது. ஓரத்தில் ஒரு வரிசை மக்காச்சோளம் விதைத்தால், பொறிவண்டுக்கு அதுவும் நல்ல இடம்.

எதை வைக்கக் கூடாது?

வரப்பில் முளைப்பதெல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. பார்த்தீனியமும் துத்தியும் மாவுப்பூச்சிக்கு இடம் கொடுக்கும். பிடுங்கிவிடுங்கள். கத்தரி, தக்காளி, வெண்டை ஆகியவற்றில் வெள்ளை ஈ பெருகும். மரவள்ளித் தேமல் நோயைப் பரப்புவது வெள்ளை ஈதான். அதனால் இவற்றைக் கிழங்கு வயலை ஒட்டிய மாடியிலோ வரப்பிலோ வைக்காமல் இருப்பது நல்லது. ஆமணக்கு இலையின் அடிப்பக்கத்தையும் அவ்வப்போது புரட்டிப் பாருங்கள். வெள்ளை ஈ அதிகம் தெரிந்தால் அந்தச் செடியை எடுத்துவிடலாம்.

தும்பை, கிணற்றடிப்பூண்டு போன்ற சிறு பூச்செடிகளை மட்டும் வரப்பில் விட்டுவிடுங்கள். வரப்புக்குக் களைக்கொல்லி அடிக்காமல் அரிவாளால் அறுத்தால், எதை விடுவது எதை அறுப்பது என்பது உங்கள் கையில் இருக்கும்.

மாடிச் செடிக்கோ வரப்புப் பூவுக்கோ பூச்சிமருந்து அடிக்கவே கூடாது. வேரில் ஊற்றும் ஊடுருவும் மருந்தும் வேண்டாம். அது செடி வழியாகப் பூவின் தேனுக்கும் போய்ச் சேரும். குளவியை விருந்துக்குக் கூப்பிட்டு விஷம் வைத்த கதையாகிவிடும்.

மருந்துக்கு முன்னால் பாருங்கள்

செடி நுனியில் வெள்ளையாகத் தெரிந்ததும் தெளிப்பானை எடுக்காதீர்கள். சுருண்ட இலையை விரித்து, கைலென்ஸ் இருந்தால் அதை வைத்துப் பாருங்கள். உப்பிய, பழுப்பான, அசையாத மாவுப்பூச்சிகள் தெரிந்தால், அவற்றில் சிலவற்றில் வட்ட ஓட்டை இருந்தால், குளவி வேலை செய்கிறது என்று பொருள். வயலில் பல இடங்களில் இப்படித் தெரிந்தால் மருந்தைத் தள்ளிவையுங்கள்.

சந்தேகமாக இருந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. வயலின் பல பக்கங்களிலிருந்து தாக்கப்பட்ட நுனிகள் இருபது கிள்ளி, வாயகன்ற பாட்டிலில் போட்டு, நெருக்கமான துணியால் வாயைக் கட்டி நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் உள்ளே சின்னக் குளவிகள் பறக்கின்றனவா என்று தெரிந்துவிடும். பார்த்த பிறகு வயலில் கொண்டுபோய்த் திறந்துவிடுங்கள்.

மாவுப்பூச்சி என்று நினைத்து நண்பனைக் கொல்வதும் நடக்கிறது. ஒருவகைப் பொறிவண்டின் புழு, மாவுப்பூச்சி போலவே உடம்பெல்லாம் வெள்ளை நூல்களோடு இருக்கும். பார்ப்பதற்கு ஒன்றுபோல இருந்தாலும், மாவுப்பூச்சியைவிட உருவில் பெரிதாக, வேகமாக நடக்கும். மாவுப்பூச்சிகளைத் தின்று வளரும் வண்ணத்துப்பூச்சிப் புழு ஒன்றும் உண்டு. ஸ்பால்கிஸ் என்பது அதன் பெயர். அதன் கூட்டுப்புழு குரங்கு முகம்போலவே இருக்கும். இவற்றைக் கண்டால் விட்டுவிடுங்கள்.

குளவியின் அடையாளமே இல்லை, தாக்குதல் ஆங்காங்கே திட்டுத் திட்டாக இருக்கிறது என்றால், அந்த நுனிகளை மட்டும் கிள்ளிப் பையில் போட்டு அகற்றுங்கள். விசையாகத் தண்ணீர் பீய்ச்சி அடித்தால் குஞ்சுகள் கழுவிப் போகும். செடியில் ஏறும் எறும்புப் புற்றுகளைக் கலைத்துவிடுங்கள். பிறகு குளவி கேட்டுப் பெறலாம். ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்திலும், சேலத்துக்குச் சந்தியூரிலும் நாமக்கல்லுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களிலும் விசாரியுங்கள். குளவி விட்ட வயலில் அதன் பிறகு பூச்சிமருந்து கூடாது.

விதைக்குச்சியில் கவனம் எல்லாவற்றுக்கும் முதல். மாவுப்பூச்சி ஊர்விட்டு ஊர் போவது பெரும்பாலும் குச்சிக் கட்டோடுதான். தாக்குதல் இருந்த வயலின் குச்சியை வாங்காதீர்கள், விற்காதீர்கள்.

ஊர் மாடியும் சேர்ந்தால்தான்

இந்த இடத்தில் வேளாண் உதவி அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆத்தூர், வாழப்பாடி, ராசிபுரம், சேந்தமங்கலம், திருச்செங்கோடு என்று நம் ஊர்களைச் சுற்றி எல்லாப் பக்கமும் கிழங்குக் காடுதான். ஊருக்குள் மாடித் தோட்டம் வைப்பவர்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். அங்கே செம்பருத்தியிலும் பப்பாளியிலும் வரும் மாவுப்பூச்சிக்குக் கடையில் கிடைத்த மருந்தை வாரந்தோறும் அடிக்கிறார்கள். அந்தச் செடியில் பெருகும் குளவியும் சேர்ந்து சாகிறது. செம்பருத்தியில் மாவுப்பூச்சி இருந்தால் முதலில் மம்மி இருக்கிறதா என்று பார்க்க அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். மம்மி இருந்தால் அந்த மாடி, செலவில்லாத குளவி வளர்ப்பு மையம். இல்லாவிட்டால் கிளையை வெட்டி அகற்றினாலே போதும்.

கிராமத்திலும் ஒருவர் மட்டும் செய்தால் பலன் பாதிதான். நீங்கள் பூ வளர்த்துக் குளவியைக் காக்க, பக்கத்து வயலில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மருந்தடித்தால் உங்கள் குளவியும் அங்கே போய்ச் சாகும். உழவர் குழுக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். ஒரு கிணற்றுப் பாசனத்தில் இருக்கும் நாலைந்து பங்காளிகள் முதலில் ஒத்துக்கொண்டாலே போதும். அந்தத் திட்டில் ஒரு கோடைக்கு மருந்தை நிறுத்தி, மாடியிலும் வரப்பிலும் பூ வைத்துப் பாருங்கள். மருந்தடித்த திட்டோடு ஒப்பிட்டு, செலவையும் அறுவடையில் வந்த பாயின்ட்டையும் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்ல அந்த நோட்டே போதும்.

தை மாதமே பைகளை நிரப்பித் துளசியும் தட்டைப்பயறும் போட்டுவிடுங்கள். கொத்தமல்லியையும் அப்போதே தொடங்கினால், மாசிக் கடைசியில் மாவுப்பூச்சி தலைகாட்டும்போது உங்கள் மாடியில் பூ இருக்கும்.